சொந்த வேலை

ரயில் போய்விட்டது. கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கு சங்கரன்கோவில் பக்கமாகச் சிறுத்துக்கொண்டே போகிறது.

இறங்கியவர்கள் கலைகிறார்கள். பேச்சு முதலில் தேய்கிறது. பிறகு செருப்புச் சத்தம். பிறகு ஒரு பெட்டியின் சக்கரம்.

மஞ்சள் பலகை. ராஜபாளையம்.

மார்கழிக் குளிர் காது மடலில் மட்டும் இருக்கிறது.

·

மேற்கே இருட்டு ஓரிடத்தில் கெட்டியாக நிற்கிறது. நடக்க நடக்க அது மலையாகிறது.

·

லாட்ஜ் பழசு. ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம். இரண்டு மாடி, மரப்படி, வாசலில் இரண்டு தூண். இரண்டிலும் முதுகு சாயும் உயரத்தில் சுண்ணாம்பு வழவழத்துப் போயிருக்கிறது.

மேஜைக்குப் பின்னால் மப்ளர் கட்டிய அண்ணாச்சி. நீளமான ரிஜிஸ்டர். பெயர். ஊர். வந்த நேரம். போகும் ஊர். வந்த காரியம்.

கடைசிக் கட்டத்தில் பேனா நிற்கிறது.

எனக்கு முன்னால் வந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். கோயில். நூல் வியாபாரம். கோயில். கல்யாணம். பேண்டேஜ் துணி. ஆஸ்பத்திரி. கோயில்.

அண்ணாச்சி ரிஜிஸ்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொள்கிறார். அவரே எழுதுகிறார். சொந்த வேலை.

வேறொன்றும் கேட்கவில்லை.

·

சாவியோடு ஒரு பித்தளை வில்லை. அதில் எண் இருந்திருக்கிறது. கட்டைவிரல்கள் அழித்துவிட்டன. வில்லை கையில் குளிர்ந்து, படி ஏறி முடிவதற்குள் வெதுவெதுப்பாகிறது.

·

அறை.

மரக்கட்டில். ஒரு நாற்காலி. சுவரில் பதித்த கண்ணாடி, ஓரமெல்லாம் ரசம் போனது. கொடிக்கம்பி. இரும்புக் கம்பி போட்ட ஜன்னல். ஜன்னல் திட்டில் கவிழ்த்து வைத்த ஒரு கண்ணாடி டம்ளர்.

தரை சிவப்பு சிமெண்ட். செருப்பைக் கழற்றி நிற்கிறேன். குளிர்ச்சி உள்ளங்காலில் தொடங்கிக் கணுக்கால் வரை வருகிறது. அங்கே நிற்கிறது.

பையைத் திறக்கவில்லை.

·

கதவு தட்டும் சத்தம். ஒரு பையன், கையில் வாளி.

"வெந்நி, சார்."

ஆவி அவன் முகத்தை மறைக்கிறது. வாளியை வைத்துவிட்டு நிமிரும்போது முகம் வருகிறது.

·

எங்கோ ஒலிபெருக்கியில் திருப்பாவை. முப்பது நாளுக்கு 30 பாசுரம். இன்றைக்கு எத்தனையாவது நாள் என்று எண்ண ஆரம்பித்து விட்டுவிடுகிறேன். தூரத்தில் சொற்கள் கரைந்து ராகம் மட்டும் வருகிறது. காற்று திரும்பும்போது ராகமும் இல்லை.

·

குளித்த உடம்பு. ஈரத் துண்டு கொடிக்கம்பியில்.

ஒரு சொட்டு. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு சொட்டு.

இரண்டுக்கும் நடுவில் இருக்கிறேன்.

·

மதுரை ஸ்டேஷன் எதிரே மங்கம்மாள் சத்திரம் நினைவுக்கு வருகிறது. ராணி காலத்துக் கட்டடம். மதுரைக்கு ரயில் வந்தது 1875இல். அதற்கு முன்னால் 150 ஆண்டுக்கு மேலாக அந்த இடத்தில் வழிப்போக்கர்கள் தூங்கி எழுந்திருக்கிறார்கள். கால்நடையாக வந்தவர்கள். மாட்டுவண்டியில் வந்தவர்கள்.

தூக்கம் முதலில். தண்டவாளம் பிறகு.

இங்கே அது மாறி நடந்திருக்கிறது. இந்தக் கட்டடத்துக்கு வயது சொல்ல அண்ணாச்சி ஆண்டுகளைச் சொல்வதில்லை. ரயிலுக்கு முன்னாடி, ரயிலுக்குப் பின்னாடி. அவ்வளவுதான் அவர் கணக்கு. லாட்ஜ் பின்னாடி.

·

1927. விருதுநகரிலிருந்து தென்காசிக்கு மீட்டர்கேஜ் பாதை திறக்கிறது. தென்காசியைத் தாண்டி, செங்கோட்டையைத் தாண்டி, மலையைக் குடைந்து கொல்லம் போகும் பாதை 1904இலேயே ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் இந்தத் துண்டு மட்டும் இல்லாமல் இருந்தது.

பெயர்களைச் சத்தமில்லாமல் சொல்லிப் பார்க்கிறேன். திருத்தங்கல். சிவகாசி. ஸ்ரீவில்லிபுத்தூர். ராஜபாளையம். சங்கரன்கோவில். பாம்புக்கோவில் சந்தை. கடையநல்லூர். தென்காசி.

பாம்புக்கோவில் சந்தை வரும்போது மூச்சு கொஞ்சம் நீளுகிறது.

·

பகல். கட்டிலில் கிடக்கிறேன்.

மின்விசிறி ஓடவில்லை. அதன் மூன்று இறக்கைகளிலும் தூசி ஒரே பக்கம் படிந்திருக்கிறது.

·

ஒரு மில்லின் சங்கு ஊதுகிறது. நீளமாக, உயர்ந்து, தட்டையாகி, இறங்கி.

தெருவில் சைக்கிள்கள் கூடுகின்றன. சங்கு நின்ற பிறகும் காதில் அதன் வடிவம் இருக்கிறது.

ரயில் 1927. ராஜபாளையம் மில் 1936. பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கியது. சுற்றிலும் கரிசல், கரிசலில் பருத்தி. பருத்தி நூலாகி வெளியூர் போவதற்குத் தண்டவாளம் ஏற்கெனவே வந்து காத்திருக்கிறது.

நூல் வாங்க வந்தவர்களுக்கு ஒரு கட்டில் தேவைப்படுகிறது. இந்தக் கட்டில்.

·

பக்கத்து அறைக்காரர் வராந்தாவில் உட்கார்ந்து ஒரு துணிச் சுருளைப் பிரிக்கிறார். சத்திரப்பட்டியிலிருந்து வாங்கி வந்த பேண்டேஜ் துணி. வெயிலுக்கு எதிரே பிடித்து இழை எண்ணுகிறார். உதடு அசைகிறது.

துணி வழியாக வெயில் வருகிறது. அவர் முகம் தெரிகிறது. வாசலும் மாட்டுத் தொழுவமும் எதிர்வீட்டு மதிலும் தெரிகின்றன.

இழையைவிட இடைவெளி அதிகம். எங்கோ ஒரு காயத்தின் மேல் இது இருக்கப் போகிறது. காயத்துக்குக் காற்று வேண்டும்.

அவர் எண்ணி முடிக்கிறார். சுருட்டுகிறார்.

·

மாலை. நடக்கிறேன்.

ஒரு திண்ணையில் இரண்டு பாட்டிகள் தெலுங்கு பேசுகிறார்கள். விஜயநகரப் பக்கமிருந்து தலைமுறைகளுக்கு முன்னால் இறங்கி வந்த ராஜுக்கள். சொல் எதுவும் பிடிபடவில்லை. ஒருத்தி முழங்காலைத் தடவிக்கொள்வதிலிருந்து பேச்சு வலியைப் பற்றியது என்று தெரிகிறது.

·

காந்தி கலைமன்றம். பி.எஸ். குமாரசாமி ராஜாவின் வீடு. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தவர். பிறகு ஒரிசாவின் ஆளுநர். தன் வீட்டை ஊருக்குக் கொடுத்துவிட்டார்.

வாசலில் நிற்கிறேன்.

கொடுத்த அன்று ராத்திரி அவர் எங்கே படுத்திருப்பார் என்று ஒரு யோசனை வருகிறது. கூடவே அந்தத் தலையணை, அந்தப் பாய். யோசனை நகர்ந்து போகிறது. வாசற்படியில் ஒரு வேப்பம் பழுப்பு விழுந்து கிடக்கிறது.

·

ரயில்வே கேட் அடைத்திருக்கிறது.

பைக்குகள், ஒரு மினி பஸ், தலையில் புல்லுக்கட்டோடு ஒரு பெண். எல்லாரும் ஒரே பக்கம் பார்க்கிறார்கள். தண்டவாளம் காலியாக இருக்கிறது.

கொஞ்சம் கொஞ்சமாக எஞ்சின்கள் அணைகின்றன. அந்தப் பெண் கட்டை இறக்கவில்லை. கழுத்து மட்டும் லேசாக ஆடுகிறது, விளக்குச் சுடர் மாதிரி.

இவ்வளவு பேர் சேர்ந்து இவ்வளவு அமைதியாக நிற்பதை ஊருக்குள் வேறெங்கும் பார்க்கவில்லை.

ரயில் வருகிறது. போகிறது. புல் வாசனை.

·

இரவு.

தூரத்திலிருந்து அது வருவதைக் காதுக்கு முன்னால் தரை சொல்கிறது. பிறகு கட்டில் சட்டம். பிறகு ஜன்னல் திட்டில் டம்ளர் மெல்ல அதிரத் தொடங்குகிறது. கண்ணாடியும் சுண்ணாம்பும் உரசும் மெல்லிய ஓசை. அதற்குப் பிறகுதான் ரயிலின் சத்தம்.

போன பிறகு எல்லாம் அதே வரிசையில் அடங்கவில்லை. சத்தம் முதலில் போகிறது. டம்ளர் கடைசியில்.

·

மீட்டர்கேஜில் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே 1,000 மில்லிமீட்டர். அகலப் பாதையில் 1,676. இந்தத் தடம் 2004 வாக்கில் அகலமானது.

676 மில்லிமீட்டர். கட்டில் சட்டத்தில் கையை விரித்து அளக்கிறேன். ஒரு சாண். இரண்டு. மூன்று. ஏறக்குறைய அவ்வளவுதான்.

மூன்று சாண் கூடியதில் கொல்லம் மெயிலின் பழைய தாளம் போய்விட்டது என்கிறார் அண்ணாச்சி. அந்த நாளில் மெயில் வந்தால் அஞ்சு அறை ஒரே நேரத்தில் நிறையுமாம். கரி படிந்த முகத்தோடு வந்து நிற்பார்களாம். முதலில் கேட்பது வெந்நீர்.

அவர் விரலால் மேஜையில் தட்டிக் காட்டுகிறார். பழைய தாளம். நிறுத்திவிட்டு, புதுத் தாளம்.

எனக்கு வித்தியாசம் பிடிபட ஒரு நிமிஷம் ஆகிறது. பழையதில் ஒரு சின்ன தயக்கம் இருக்கிறது.

·

தூக்கம் வரவில்லை. வரவேண்டும் என்றும் இல்லை.

தலையணையில் சோப்பு வாசனை. அதற்கு அடியில் பஞ்சு வாசனை. அதற்கும் அடியில் ஒன்று இருக்கிறது. பெயர் வைக்கவில்லை.

·

ஸ்ரீவில்லிபுத்தூர். ஒரே ஒரு ஸ்டேஷன் தூரம். காலை ரயிலில் போகிறேன்.

ஜன்னல் ஓரம். தென்னை, தென்னை, ஒரு கிணறு, தென்னை. மாந்தோப்புகளில் இனிமேல்தான் பூ வரும். சப்பட்டையும் பஞ்சவர்ணமும் இப்போது மரத்துக்குள் எங்கோ இருக்கின்றன.

உட்கார்ந்து சாய்வதற்குள் இறங்க வேண்டியிருக்கிறது.

·

கோபுரம். 11 நிலை. 192 அடி.

அரசு முத்திரையில் இருப்பது இந்தக் கோபுரம் என்று இங்கே சொல்கிறார்கள். பள்ளிப் புத்தகத்தின் அட்டையில், பஸ்ஸின் பக்கவாட்டில், எத்தனையோ தாள்களின் தலைப்பில் சின்னதாகப் பார்த்துப் பழகியது. பெரிசாகப் பார்க்கும்போது கண் முதலில் நம்பவில்லை. பிறகு கழுத்து நம்புகிறது.

ஏழாவது நிலையோ எட்டாவது நிலையோ, ஒரு மாடத்தில் புறா உட்கார்ந்திருக்கிறது. கோபுரத்தை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

·

உள்ளே வடபத்ரசாயி. சயனத்தில் இருக்கிறார்.

வரிசை வரிசையாக நின்று, பயணம் செய்து, கால் வலித்து வந்தவர்கள் எல்லாரும் படுத்திருப்பவரைப் பார்க்கிறார்கள்.

எண்ணெய் விளக்கு. இருட்டு அதைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது.

·

கண்ணாடிக் கிணறு. பெருமாளுக்குக் கட்டிய மாலையை ஆண்டாள் தான் சூடி, தன் நிழலைப் பார்த்த கிணறு.

எட்டிப் பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரு கணம் பேச்சை நிறுத்துகிறார்கள். ஒரு சிறுமி அம்மாவின் கையை விட்டுவிட்டுத் தன் பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொள்கிறாள்.

·

ஆண்டாள் கையில் கிளி. தினமும் புதிதாகச் செய்வது. மரவள்ளி இலையில் உடம்பு. மாதுளை மொட்டில் மூக்கு. வாழை நாரால் கட்டு.

சில மணி நேர வேலை. ஒரு நாள் இருப்பு. மறுநாள் யாரோ ஒருவர் பிரசாதமாக வாங்கிப் போகிறார். வீட்டில் அது வாடுகிறது. அதற்குள் இங்கே இன்னொரு கிளி.

நேற்றைய கிளியும் இன்றைய கிளியும் ஒன்றை ஒன்று பார்த்ததில்லை.

இந்த வேலையைப் பரம்பரையாகச் செய்யும் கைகளை நினைக்கும்போது தொண்டையில் ஏதோ வந்து அடைக்கிறது. அது இருக்கட்டும் என்று விடுகிறேன். இருக்கிறது. பிறகு இல்லை.

·

பால்கோவா. 2019இல் புவிசார் குறியீடு கிடைத்த பால்கோவா. கடை வாசலில் பெரிய இரும்புச் சட்டி, விறகடுப்பு. நீளக் கரண்டி பிடித்தவரின் தோள் போய் வருகிறது. பால் வற்றுகிறது. அவர் பார்வை சட்டியை விட்டு நகரவில்லை.

வற்றுவதை அவசரப்படுத்த முடியாது. தீ கூடினால் அடி பிடிக்கும்.

இலையில் ஒரு விள்ளல் தருகிறார்கள். இன்னும் சூடு. நாக்கில் முதலில் புகை, பிறகு பால், எல்லாம் போன பிறகு இனிப்பு.

விரலில் நெய் மிச்சம் இருக்கிறது. துடைக்காமலே பஸ் ஏறுகிறேன்.

·

லாட்ஜின் மொட்டை மாடி. வெள்ளை விரிப்புகள் காய்கின்றன. காற்று உள்ளே புகுந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு வயிறு கொடுக்கிறது. எடுத்துக்கொள்கிறது.

விரிப்புகளுக்கு நடுவே மலை தெரிகிறது. மறைகிறது.

மேற்குத் தொடர்ச்சி மலை. அந்தப் பச்சைக்குள் நரை அணில். உடம்பளவுக்கு வால் உள்ளது. 1988இல் அதற்கென்று சரணாலயம் வைத்தார்கள். 2021இல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாக்கினார்கள்.

புலி இருக்கும் மலைக்கும் இந்தக் கொடிக்கயிற்றுக்கும் நடுவே சில கிலோமீட்டர். இந்த நேரத்தில் அதுவும் எங்கோ நிழலில் படுத்திருக்கலாம். மூச்சு, விலா, மூச்சு.

·

பையன் விரிப்புகளை மடிக்க வருகிறான். ஒரு முனையை நான் பிடித்துக்கொள்கிறேன். இரண்டு பேரும் நெருங்குகிறோம், மடிக்கிறோம், விலகுகிறோம்.

"பொங்கலுக்கு அப்புறம் இடிச்சிருவாங்க போல, சார்."

அடுத்த விரிப்பு. முனை. நெருங்கி, மடித்து, விலகி.

"எதைத் தம்பி?"

அவன் காலால் தரையைத் தொட்டுக் காட்டுகிறான்.

·

இடிக்கக் கூடாது என்று மனசு சொல்கிறது. திரும்பவும் சொல்கிறது. குரல் உயர்கிறது.

கேட்டுக்கொண்டிருக்கிறேன். நெஞ்சில் ஒரு சூடு. விரல்கள் தாமாகக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. சுவர் சொரசொரப்பு. வெயில் இறங்கியும் சூடு விடாத சுவர்.

·

இரவு. போனில் படித்துக்கொண்டிருக்கிறேன்.

அமெரிக்காவில் அரிசோனா பாலைவனத்தில் வின்ஸ்லோ என்று ஒரு ரயில்வே ஊர். 1930இல் ஸ்டேஷனை ஒட்டி லா போசாடா என்ற ஹோட்டலைக் கட்டினார்கள். வரைந்தவர் மேரி கோல்டர் என்ற பெண். ரயிலில் வருகிறவர்கள் குறைந்தார்கள். 1957இல் மூடினார்கள். ரயில்வே அலுவலக மேஜைகள் அதற்குள் வந்தன. பிறகு 1997இல் சிலர் அதை வாங்கித் தூசி தட்டித் திறந்தார்கள். இப்போதும் அங்கே தூங்குகிறார்கள்.

இந்தக் கதையில் மனசு போய் ஏன் உட்காருகிறது என்று தெரிகிறது.

போனை அணைக்கிறேன். அறை திரும்ப வர ஒரு நிமிஷம் ஆகிறது. முதலில் ஜன்னல். பிறகு நாற்காலி. கொடிக்கம்பி.

·

செங்கோட்டைக்கும் புனலூருக்கும் நடுவே மலைப்பாதையை 2010இல் மூடிய பிறகு ஏறக்குறைய எட்டு வருஷம் அங்கே ரயில் இல்லை. 2018இல் அகலமாகித் திரும்ப ஓடியது.

எட்டு வருஷம் குகைகளுக்குள் என்ன சத்தம் இருந்திருக்கும். கல் வேலையும், ஆட்களும், அவர்கள் போன பிறகு தண்ணீர்ச் சொட்டும்.

ஒரு சொட்டு.

·

டம்ளரை நிமிர்த்தித் தண்ணீர் ஊற்றுகிறேன். குடிக்கவில்லை. திட்டில் வைக்கிறேன்.

ரயில் வரும்போது நீரின் மேல் வட்டம் வட்டமாகச் சுருக்கம். விளக்கின் நிழல் அதில் உடைகிறது.

ரயில் போகிறது. சுருக்கம் விளிம்பிலிருந்து நடுவுக்கு அடங்குகிறது.

குடிக்கிறேன்.

·

விடியுமுன். திருப்பாவை இன்றைக்குத் தெளிவாக வருகிறது. காற்று இந்தப் பக்கம்.

பையை மூடுகிறேன். கொண்டுவந்ததுதான். ஒரு பால்கோவா டப்பா கூடுதல்.

கண்ணாடியில் ரசம் போன இடத்தில் தோள் இல்லை. கொஞ்சம் நகர்ந்தால் தோள் வருகிறது, காது போகிறது.

·

அண்ணாச்சி ரிஜிஸ்டரைத் திறக்கிறார். போன நேரம். அவரே எழுதுகிறார்.

"வேல முடிஞ்சுதா, சார்?"

எழுத்தைப் பார்த்துக்கொண்டு கேட்கிறார். நானும் எழுத்தைப் பார்க்கிறேன். சொந்த வேலை. மை காய்ந்திருக்கிறது.

என் பெயருக்குக் கீழே இன்னும் ஆறு கட்டம் காலி. பக்கத்தைத் திருப்பவில்லை.

வில்லையை மேஜையில் வைக்கிறேன். கையின் சூடு அதில் கொஞ்ச நேரம் இருக்கும்.

·

கைக்குட்டையை மறந்து மாடிக்குத் திரும்பிப் போகிறேன்.

கதவு திறந்திருக்கிறது. விரிப்பை எடுத்துவிட்டார்கள். மெத்தை சுருட்டி நிற்கிறது. பையன் தரையைத் துடைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டான்.

வாசலிலேயே நிற்கிறேன். உள்ளே கால் வைக்கவில்லை.

சிவப்புத் தரை ஈரமாக இருக்கிறது. ஜன்னல் பக்கம் முதலில் காய்கிறது.